ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் பள்ளி மைதானமும்: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு பணியாற்றும் சிறப்பாசிரியர் என்ற முறையில், பெற்றோரிடமிருந்தும் உடற்கல்வி ஆசிரியர்களிடமிருந்தும் எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு வந்ததா, எழுத வருகிறதா, வகுப்பில் உட்காருகிறானா என்று பள்ளிக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். அந்தப் பிள்ளை இன்றைக்கு எத்தனை நிமிடம் மூச்சு வாங்க ஓடியது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என்னைப் பொறுத்தவரை, மற்ற கேள்விகளுக்குச் சமமான இடம் இந்தக் கேள்விக்கும் கிடைக்க வேண்டும்.

ஒரு பிள்ளை நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும்? ஆட்டிசம் இருந்தால் அந்த அளவு குறையுமா?

குறையாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள், ஒரு வாரத்தின் சராசரியாகப் பார்க்கும்போது, நாளுக்கு 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடற்செயல்பாட்டில் ஈடுபட வேண்டும். வாரத்தில் 3 நாளாவது நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கான பயிற்சியும், தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சியும் அதில் அடங்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பரிந்துரைகள் முதன்முறையாக இடம்பெற்றதும் அந்த வழிகாட்டுதலில்தான். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடத்தையே அது சொல்கிறது. முழு 60 நிமிடம் எட்டாவிட்டாலும், சும்மா இருப்பதைவிடச் சிறிதளவு அசைவும் நல்லது என்றும் அதே ஆவணம் குறிப்பிடுகிறது.

பொதுவாகவே உலகப் பிள்ளைகளின் நிலை இதில் நன்றாக இல்லை. 146 நாடுகளைச் சேர்ந்த 16 லட்சம் மாணவர்களின் தரவுகளை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், 11 முதல் 17 வயதினரில் 81% பேர் இந்த அளவை எட்டவில்லை என்று தெரியவந்தது. பெண் பிள்ளைகளில் இது 85%, ஆண் பிள்ளைகளில் 78%. எல்லாப் பிள்ளைகளும் குறைவாக அசையும் ஒரு காலத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அதைவிடவும் குறைவாக அசைகிறார்களா என்பதுதான் அடுத்து எழும் கேள்வி.

அப்படி உண்மையிலேயே குறைவாகத்தான் அசைகிறார்களா?

வயதைப் பொறுத்தும், எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தும் பதில் மாறுகிறது. இந்த நுணுக்கம் பலருக்கும் தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

உடற்செயல்பாட்டை அளக்க ஆய்வாளர்கள் ஆக்ஸிலரோமீட்டர் என்னும் சிறு கருவியைப் பிள்ளையின் இடுப்பில் கட்டிவிடுவார்கள். தீப்பெட்டி அளவுள்ள அந்தக் கருவி, எத்தனை முறை, எவ்வளவு வேகமாக உடல் அசைந்தது என்பதைப் பதிந்துகொண்டே இருக்கும். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 3 முதல் 11 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு இப்படிக் கருவி கட்டிப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் என்றால் இல்லாதவர்கள் 57 நிமிடம். ஆனால் பெற்றோரிடம் கேட்டபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஓராண்டில் ஈடுபட்ட விளையாட்டு வகைகளின் எண்ணிக்கையும் குறைவு, அவற்றில் செலவிட்ட மொத்த நேரமும் குறைவு. அதாவது உடல் அசைகிறது. விளையாட்டில்தான் அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை.

பதின்ம வயதுக்கு வந்ததும் இடைவெளி வெளிப்படையாகவே விரிகிறது. 13 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களின் மிதமான, கடுமையான செயல்பாடு நாளுக்கு 29 நிமிடமாகவும் மற்றவர்களுடையது 50 நிமிடமாகவும் இருந்தது. 60 நிமிட இலக்கை எட்டியவர்கள் முறையே 14%, 29%. ஆரம்பப் பள்ளியில் கிட்டத்தட்டச் சமமாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் எங்கே தொலைந்துபோகிறது என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி. ஐந்தாம் வகுப்பு வரை விளையாட்டு என்றால் பெரும்பாலும் ஓடிப்பிடிப்பதுதான். அதற்குப் பிறகு கபடி, கைப்பந்து, கிரிக்கெட் என்று அணி பிரித்து, விதி பேசி, உத்தி வகுத்து ஆடும் ஆட்டங்கள் வந்துவிடுகின்றன. அணி பிரிக்கும்போது கடைசியில் நிற்கும் பிள்ளை யார் என்பது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

என் மகன் வீட்டில் ஒரு நிமிடம்கூட உட்காருவதில்லை. அவனுக்கா உடற்செயல்பாடு குறைவு என்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மாக்களே இல்லை எனலாம். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பது, சோபாவிலிருந்து குதிப்பது, கையை உதறிக்கொண்டு சுழல்வது ஆகிய எல்லாமே அசைவுதான்; அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றில் பல, இதயத் துடிப்பை உயர்த்தி அந்த உயர்வைச் சில நிமிடங்கள் தக்கவைக்கும் அளவுக்குத் தீவிரமாக இருப்பதில்லை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான செயல்பாடு; இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்குகிறது என்றால் அது கடுமையானது. பேச்சு வராத பிள்ளையாக இருந்தால், நெற்றியும் மேலுதட்டுக்கு மேலுள்ள பகுதியும் வியர்த்திருக்கிறதா, நெஞ்சு வேகமாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் எத்தனை நிமிடம் இருந்தான் என்று ஒரே ஒரு நாள் கடிகாரத்தை வைத்துக் குறித்துப் பார்த்தால் விடை உங்களுக்கே தெரிந்துவிடும்.

இடைவேளையில் எல்லோரும் விளையாடும்போது அந்தப் பிள்ளை மட்டும் ஏன் சுவரோரம் நிற்கிறது?

தைவானில் 7 முதல் 12 வயதுவரையுள்ள 48 மாணவர்களை, அதாவது ஆட்டிசம் உள்ள 24 பேரையும் இல்லாத 24 பேரையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வு, இடைவேளை நேரங்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இயங்கினார்கள் என்று காட்டியது. அதே ஆய்வாளர் நடத்திய இன்னோர் ஆய்வில், இரு குழுவினருமே இடைவேளையைவிட உடற்கல்வி வகுப்பில்தான் தங்கள் நேரத்தில் அதிக விகிதத்தைத் தீவிர அசைவில் செலவிட்டிருந்தார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாவது இதுதான்: யாராவது ஒருவர் ஒழுங்கு செய்து தரும் நேரத்தில் பிள்ளைகள் அசைகிறார்கள், சும்மா விட்டுவிட்ட நேரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைதான் முதலில் விளையாட்டுக்கு வெளியே போகிறது.

இடைவேளை என்பது நமக்கு ஓய்வு. அந்தப் பிள்ளைக்கு அது பள்ளி நாளிலேயே மிகக் கடினமான பதினைந்து நிமிடம். மணி அடித்தவுடன் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு வெளியே வருகிறார்கள். எந்த விளையாட்டு, யார் எந்தப் பக்கம், யார் 'அவுட்' என்பதெல்லாம் நொடிக்கு நொடி, பேச்சாலும் கண் சாடையாலும் முடிவாகிறது. நேற்றுவரை கோகோ ஆடியவர்கள் இன்று ஏதும் சொல்லாமல் கல்லா மண்ணாவுக்கு மாறிவிடுகிறார்கள். ஓடத் தெரிந்த கால்கள் இருந்தும், உள்ளே நுழையும் வாசல் எது என்று தெரியாமல் அந்தப் பிள்ளை நிற்கிறது. அதைப் பார்த்து 'இவனுக்கு விளையாட்டில் ஆர்வம் இல்லை' என்று ஆண்டறிக்கையில் எழுதுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் ஒன்று.

ஓடும்போது தடுமாறுகிறான், பந்தைப் பிடிக்க வரவில்லை. இதுவும் ஆட்டிசத்தைச் சேர்ந்ததா?

பெரும்பாலும் ஆம். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள பல்லாயிரம் குடும்பங்களைக் கொண்ட ஸ்பார்க் என்னும் ஆய்வுத் திரட்டில், பெற்றோர் நிரப்பிய படிவங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியான கட்டுரை, ஏறத்தாழ 87% பிள்ளைகளுக்கு இயக்க ஒருங்கிணைப்பில் சிக்கல் இருக்க வாய்ப்புண்டு என்றது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே அதற்கென இயன்முறை சிகிச்சை பெற்றுவந்தார்கள். நம் ஊரிலும் பேச்சுப் பயிற்சிக்கு அலையும் அளவுக்குப் பந்து பிடிக்கும் பயிற்சிக்கு யாரும் அலைவதில்லை. தெரபிஸ்டுகள் 'கிராஸ் மோட்டார்' என்று சொல்லும் பெருந்தசை இயக்கங்களான ஓடுதல், தாவுதல், எறிதல், பிடித்தல், நொண்டியடித்தல் ஆகியவற்றை இந்தப் பிள்ளைகளுக்குத் தனியாக, துண்டு துண்டாகச் சொல்லித்தர வேண்டும். முதலில் பலூன், அடுத்து துணிப்பந்து, பிறகு கடற்கரைப் பந்து, கடைசியில் ரப்பர் பந்து என்று வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், 'பிடிக்க வராது' என்று முடிவுகட்டப்பட்ட பிள்ளைகளும் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். மாதங்கள் ஆகலாம்.

உடற்கல்வி ஆசிரியராகிய நான் வகுப்பில் என்ன மாற்ற வேண்டும்? அறுபது பேரையும் பார்த்துக்கொண்டு ஒருவனை மட்டும் எப்படிக் கவனிப்பது?

நியாயமான கேள்வி. உங்கள் சுமையைக் கூட்டாமல் செய்யக்கூடிய சிலவற்றை, நான் கண்ட ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பி.டி. பீரியட் முழுவதும் வேப்பமரத்தடியில் காம்பவுண்டு சுவரை விரல்களால் தடவிக்கொண்டே நடப்பான். விசில் ஊதினால் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். உடற்கல்வி ஆசிரியர் மூன்று மாற்றங்கள் செய்தார். வேப்பமரத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை சுண்ணாம்புத் தூளால் ஒரே ஒரு கோடு போட்டார். மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை வைத்து, ஒன்றில் பத்து பாட்டில் மூடிகளைப் போட்டார். ஒரு முறை ஓடிவிட்டு வந்தால் ஒரு மூடியை அடுத்த வாளிக்கு மாற்ற வேண்டும். விசிலுக்குப் பதிலாகப் பச்சைத் துணியை உயர்த்திக் காட்டினார். முதல் நாள் அவன் இரண்டு மூடிகளை மாற்றினான். மூன்றாவது வாரத்தில் பத்தையும் மாற்றிவிட்டு, காலியான வாளியைக் கவிழ்த்துக் காட்டிச் சிரித்தான். அந்தத் தொட்டிக்கும் மரத்துக்குமான தூரம் ஏறத்தாழ நாற்பது மீட்டர். பத்துமுறை போய்வந்தால் எண்ணூறு மீட்டர். இரண்டு மாதத்தில் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர் தாங்களாகவே அந்த வாளி ஓட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. எங்கே ஓட வேண்டும் என்பதைக் கோடு சொன்னது, எத்தனை முறை என்பதை மூடிகள் சொன்னன, எப்போது முடியும் என்பதைக் காலி வாளி சொன்னது. 'நல்லா ஓடுடா', 'வேகமா வா' போன்ற நம் கட்டளைகளில் இந்த மூன்றுமே இல்லை. எந்தப் பயிற்சியாக இருந்தாலும் தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியும்படி அமைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். செய்ய வேண்டியவற்றைப் படங்களாக ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டிக் கொடுப்பது, வாயால் விளக்குவதைவிடத் தானே ஒருமுறை செய்து காட்டுவது, ஒரே தொடக்கப் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பிலும் மாற்றாமல் வைத்திருப்பது ஆகியவையும் அதே அடிப்படையில் அமைந்தவைதான்.

வரிசையில் நின்று காத்திருக்கும் ஆட்டங்களைக் குறையுங்கள். முப்பது பேருக்கு ஒரு பந்து என்றால், எந்தப் பிள்ளையுமே பீரியடின் பெரும்பகுதியை நின்றுதான் கழிக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளை அந்தக் காத்திருப்பிலேயே மைதானத்தை விட்டுப் போய்விடும். மைதானத்தை நான்கு மூலைகளாகப் பிரித்து, ஒன்றில் கயிறு தாண்டுதல், ஒன்றில் பாண்டிக் கட்டம், ஒன்றில் பந்தைச் சுவரில் எறிந்து பிடித்தல், ஒன்றில் ஓட்டம் என்று வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குழுக்களை மாற்றினால் அறுபது பேருமே அதிகம் அசைவார்கள். ஒருவனுக்காகச் செய்யும் இந்த மாற்றத்தால் பயன்பெறுபவர்கள் வகுப்பு முழுவதும் உள்ளவர்கள்.

உடையையும் காலணியையும் பாருங்கள். புதன்கிழமை வெள்ளை கேன்வாஸ் ஷூ போட மறுக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் சாக்ஸின் விரல் முனையில் இருக்கும் தையல்தான் எதிரி. சாக்ஸை உட்புறம் வெளியே வரும்படித் திருப்பிப் போட்டாலே சிலர் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். கயிறு கட்டத் தெரியாத பிள்ளைக்கு வெல்க்ரோ ஷூவை அனுமதிப்பதால் சீருடை ஒழுங்கு குலைந்துவிடாது.

ஓர் இணைத் தோழனை நியமிக்கலாம். ஆனால் ஒரே மாணவனை ஆண்டு முழுவதும் காவலாளிபோல் நிறுத்த வேண்டாம். மூன்று நான்கு பேரை முறைவைத்து மாற்றுங்கள். அப்போது அந்தப் பிள்ளைக்கும் ஒருவருக்குப் பதிலாக நான்கு பேர் பழக்கமாவார்கள்.

பி.டி. பீரியடில் பேச்சுப் பயிற்சி வைத்துக்கொள்ளலாமா? வேறு நேரமே கிடைப்பதில்லை.

வேண்டாம். பல பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட்தான் இருக்கிறது, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று கொண்டால் மொத்தம் 80 நிமிடம். அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் தேவைப்படுவதோ 420 நிமிடம். இருப்பதில் கணக்கு ஆசிரியர் ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதைச் சிறப்பாசிரியராகிய நாங்களே எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன? வகுப்பில் அமைதியாக இல்லாததற்குத் தண்டனையாக மைதானத்துக்கு அனுப்பாமல் இருப்பதும் இதே தவறுதான், அதைவிட மோசமானதும்கூட. அமைதியாக உட்கார முடியாத உடலுக்கு மைதானம்தான் முதல் தேவை.

உடற்பயிற்சி ஆட்டிசத்தைக் குணப்படுத்துமா?

குணப்படுத்தாது. ஆட்டிசம் குணப்படுத்த வேண்டிய நோயும் அல்ல. அது மூளை வளர்ச்சியில் அமைந்த ஒரு வேறுபாடு. அப்படிக் குணமாகும் என்று சொல்லிப் பணம் வாங்கும் எந்தப் பயிற்சி நிலையத்தையும் நம்பாதீர்கள்.

ஆனால் பயன்கள் உண்டு. அவற்றுக்குச் சான்றும் உண்டு. 1984-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு, மிகச் சில பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டதுதான் என்றாலும், 15 நிமிட மெதுவோட்டத்துக்குப் பின் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்ததையும், மிதமாகப் பந்து விளையாடிய பின் அப்படி எந்த மாற்றமும் பெரிதாக இல்லாததையும் காட்டியது. தீவிரம் முக்கியம் என்பது அன்றே தெரிந்த செய்தி. ஈரானில் 30 பிள்ளைகளைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியான ஆய்வில், 14 வாரம் கராத்தேயின் 'கட்டா' அடவுகளைப் பயின்றவர்களிடம் அத்தகைய அசைவுகள் குறைந்தன. பயிற்சி நின்று ஒரு மாதம் ஆன பிறகும் அந்தக் குறைவு நீடித்தது. அதே 2012-இல், 16 ஆய்வுகளையும் 133 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, இயக்கத் திறனிலும் சமூகத் திறனிலும் முன்னேற்றம் ஏற்பட்டதாகவும், குழுப் பயிற்சியைவிடத் தனிப் பயிற்சியில் அந்த முன்னேற்றம் அதிகம் என்றும் கண்டது. குழுவில் தள்ளிவிட்டால் தானாகப் பழகிவிடுவான் என்ற எண்ணத்தை நாம் மறுபரிசீலனை செய்ய இது ஒன்றே போதும்.

கையை உதறுவதையும் ஆடுவதையும் 'குறைக்க' வேண்டும் என்பதற்காக மட்டும் பிள்ளையை ஓடவைக்காதீர்கள் என்றும் இங்கே கேட்டுக்கொள்கிறேன். அந்த அசைவுகள் பல நேரங்களில் அவர்கள் தம்மைத் தாமே நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. நல்ல தூக்கம், வலுவான எலும்பு, கட்டுக்குள் இருக்கும் எடை, ஓடி முடித்ததும் முகத்தில் தெரியும் அந்த மலர்ச்சி ஆகியவையே ஓடுவதற்குப் போதுமான காரணங்கள்.

எந்த விளையாட்டு இவர்களுக்குப் பொருந்தும்?

பிள்ளைக்குப் பிடித்ததுதான் பொருந்தும். பொதுவாக, தனியாகச் செய்யக்கூடியவையும், ஒரே அசைவு திரும்ப வருபவையும், விதிகள் நடுவில் மாறாதவையும் எளிதில் ஒட்டுகின்றன. நீச்சல், ஓட்டம், சைக்கிள், ஸ்கேட்டிங், டிராம்போலின், யோகா என்று பலவும் இந்த வகையில் சேரும். நம் சிலம்பத்தையும் நான் இதில் சேர்ப்பேன். காலடி வரிசைகள் ஒழுங்கானவை, ஆசான் முன்னே நின்று செய்து காட்டுவதைப் பார்த்துச் செய்வதே அதன் கற்பித்தல் முறை, கம்பு சுழலும் ஓசையும் காட்சியும் பல பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகிறது. எதிராளியோடு மோதும் கட்டத்துக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை.

நீச்சலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மும்பையைச் சேர்ந்த ஜியா ராய் என்னும் ஆட்டிசம் உள்ள சிறுமி, 2022 மார்ச் 20 அன்று, 13 வயதில், இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைவரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். ஏறத்தாழ 29 கிலோமீட்டரை 13 மணி 10 நிமிடத்தில் நீந்தினார். 2024-இல் ஆங்கிலக் கால்வாயையும் கடந்தார். அவரைக் கொண்டாட வேண்டும். ஆனால் 'அவர் முடித்தாரே, உன்னால் முடியாதா' என்று நம் பிள்ளைகளிடம் அளவுகோலாக நீட்டக் கூடாது. வாரம் மூன்று நாள் குளத்தில் அரைமணி நேரம் மகிழ்ச்சியாக அளைந்துவிட்டு வரும் பிள்ளையும் தனக்குத் தேவையானதைப் பெற்றுவிடுகிறது.

நீச்சல் கற்பிக்க இன்னொரு காரணம் உயிரைப் பற்றியது. அமெரிக்க இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை, ஆட்டிசம் உள்ள 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு பொதுப் பிள்ளைகளைவிட 160 மடங்கு அதிகம் என்றது. நீரின் மீதான ஈர்ப்பும், சொல்லாமல் வெளியே நடந்துவிடும் பழக்கமும் சேரும்போது நேரும் ஆபத்து இது. கிணறும் ஏரியும் வாய்க்காலும் நிறைந்த நம் ஊர்களில், நீச்சலை ஒரு கூடுதல் பயிற்சியாக நினைக்காமல் முதலிலேயே சொல்லித்தந்துவிட வேண்டும்.

மைதானத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வலிப்பும் இருக்கும். அதை உடற்கல்வி ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நீரிலும் உயரமான இடத்திலும் அந்தப் பிள்ளைக்கென்றே ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சில வலிப்பு மருந்துகளும் மனநல மருந்துகளும் உடல் தன் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கக்கூடும். அதோடு தாகத்தையும் களைப்பையும் உணர்ந்து சொல்லத் தெரியாத பிள்ளைகளும் இவர்களில் உண்டு. நம் சித்திரை, வைகாசி வெயிலை நினைத்துப் பாருங்கள்; 'தாகம் எடுத்தால் குடி' என்பது இவர்களுக்குப் போதாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் என்பதும் அந்தப் பட அட்டையிலேயே இடம்பெற வேண்டும். இயன்றவரை காலை முதல் பீரியட்களில் மைதான நேரத்தை வைக்கப் பள்ளியைக் கேளுங்கள். ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளால் பசி கூடி எடை ஏறுவதுண்டு. அப்போது பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். பள்ளியின் வெளிக்கதவு பி.டி. நேரத்தில் மூடியிருக்கிறதா என்பதை யாராவது ஒருவர் தம் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

ஆய்வுகளிலும் அவர்கள் மிகக் குறைவு. மேலே சொன்ன தைவான் ஆய்வில் ஆட்டிசம் உள்ள 24 பேரில் ஒருவர்தான் சிறுமி. பூப்பெய்தியதும் மைதானத்திலிருந்து விலக்கப்படுவது நம் ஊரில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் நேர்வதுதான். ஆட்டிசம் உள்ள பெண்ணுக்கு அது இருமடங்காக நேர்கிறது. அவளுடைய பாதுகாப்பைப் பற்றிய அம்மாவின் அச்சம் நியாயமானது. அதற்குத் தீர்வு பெண் உடற்கல்வி ஆசிரியர், மைதானத்துக்கு அருகில் சுத்தமான கழிப்பறை, நாப்கின் மாற்ற முன்கூட்டியே பழக்குவது, பழக்கமான இரண்டு தோழிகள் ஆகியவை. வீட்டுக்குள் உட்காரவைத்தால், ஏற்கெனவே குறைந்திருக்கும் அவளுடைய அசைவு அநேகமாக முழுவதும் நின்றுவிடும்.

பள்ளி மறுத்தால் சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் பட்டியலில் உள்ள 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அதன் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, கல்வியோடு விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்கிறது. தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. தனியார் பள்ளிகளும் அங்கீகாரம் பெற்றவையே என்பதை மறக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்து இந்தியா 2007-இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவும், பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டில் இப்பிள்ளைகளுக்குச் சமவாய்ப்பை வலியுறுத்துகிறது. விளையாட்டு விழா நாளில் 'அவனை அன்றைக்கு அனுப்ப வேண்டாம்' என்று பள்ளி சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். பல நேரம் பேச்சு அங்கேயே மாறிவிடும். மாறாவிட்டால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

முன்னேற்றத்தை எப்படிக் குறித்துவைப்பது?

கருவி எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, என்ன செய்தான், எத்தனை நிமிடம் வியர்க்க அசைந்தான், யார் உடன் இருந்தார் என்று நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் பி.டி. ஆசிரியரும் வீட்டில் பெற்றோரும் அதே நோட்டில் எழுதட்டும். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், இப்போதைய நிலையை மட்டும் குறியுங்கள். அதன்பின் ஒவ்வொரு மாதமும் நாளுக்கு ஐந்து நிமிடம் கூட்டுவதை இலக்காக வைத்தால், ஜூனில் 15 நிமிடத்தில் தொடங்கும் பிள்ளை கல்வியாண்டின் முடிவில் ஒரு மணி நேரத்தை நெருங்கும். காய்ச்சல், தேர்வு, மழை என்று இடையில் எண்ணிக்கை விழுவது இயல்பு; விழுந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கினால் போதும். நான்காவது பத்தியை, அதாவது உடன் இருந்தவரின் பெயரை, எழுத மறக்காதீர்கள். அந்தப் பத்தியில் வெறும் 'அம்மா' என்றும் 'சார்' என்றும் இருந்த இடத்தில் ஒரு வகுப்புத் தோழனின் பெயர் முதன்முதலாக வரும் நாளை, என்னிடம் வரும் பெற்றோரைச் சிவப்பு மையில் வட்டமிடச் சொல்கிறேன்.